முழங்கை நீள நத்தை

அந்தச் சுற்றுலா வேன் டிரைவருக்குக் கம்பெனியில் அவசரக்குடுக்கை என்று பெயர். நேருக்கு நேர் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, ஆனால் அவர் காதில் விழுகிற தூரத்தில் நின்றுதான் சொல்வார்கள். அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நேரத்துக்கு வண்டியை எடுக்கிற மனுஷனுக்கு இந்த உலகம் வேறு என்ன பட்டம் கொடுத்துவிடப் போகிறது?

அவருடைய வித்தை ஒன்றே ஒன்றுதான். எட்டு மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும் என்றால் பயணிகளிடம் ஏழு என்று சொல்லிவிடுவார். ஏழு என்று கேட்டவர்கள் ஏழேகாலுக்குத் தலை சீவி, ஏழரைக்கு ஒற்றைச் செருப்பைத் தேடி, எட்டுக்கு ‘ஸாரி’ சொல்லிக்கொண்டே ஏறுவார்கள். வண்டி டாண் என்று கிளம்பிவிடும். வேலையில் பலித்த வித்தையை வீட்டுக்கும் கொண்டுவந்தார். ரயிலைப் பிடிக்க, ஆஸ்பத்திரிக்குப் போக, சொந்தக்காரர் வீட்டுக்குப் போக, எதுவானாலும் ஒரு மணி நேரம் முன்னதாக ஒரு நேரத்தைச் சொல்லி, “நிஜமாத்தான் சொல்றேன்” என்று ஒரு முத்திரையும் குத்துவார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு ரயிலைக்கூடத் தவறவிட்டதில்லை. அதெல்லாம் தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

அவர் வண்டி அதிகம் போனது ஒரே இடத்துக்குத்தான். மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்கினால் வருகிற பாறைக் கரை அது. கடல் உள்வாங்கும்போது அங்கே பாறை இடுக்குகளில் குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கி நிற்கும். கடலுக்கு அடியில் கிடக்கிற உலகம் அப்போது முழங்கால் தண்ணீரில் கிடைக்கும். நட்சத்திர மீன், முள் உருண்டைகள், தொட்டால் சுருங்குகிற கடல்சாமந்தி, காலிச் சங்கில் குடியேறிய நண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் பாறையின் நிறத்தைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆக்டோபஸ். இரண்டு மணி நேரம் போல. அப்புறம் கடல் திரும்பிவந்து எல்லாவற்றையும் மூடிவிடும்.

இதில் ஒன்றையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை.

சாலை முடிகிற இடம் ஒரு வண்டி திரும்புகிற அகலம்தான். பின்னால் இன்னொரு பஸ் வந்தால் இவர் வண்டியை நகர்த்தியாக வேண்டும். போதாக்குறைக்குப் பயணிகளின் பைகள் எல்லாம் வண்டிக்குள். டிரைவர் வண்டியை விட்டுப் போகக் கூடாது என்பது கம்பெனி சட்டம். ஒரு தடவை பஸ் ஒன்றும் வராது என்று நம்பி, படிக்கட்டில் மூன்றாவது படிவரை இறங்கிவிட்டார். மேலே ஹாரன் கேட்டது. இன்னொரு தடவை லீவு போட்டுவிட்டுத் தானே பஸ் பிடித்துப் போனார். அன்று அலை பெரிசு என்று சிவப்புக் கொடி கட்டியிருந்தார்கள். பாறைக் கரை அவரோடு கண்ணாமூச்சி ஆடியது. ஊரையே ஏற்றிக்கொண்டு போய்க் காட்டியவருக்கு, கைக்கு எட்டியது கண்ணுக்கு எட்டவில்லை.

ஆனால் அவர் எல்லாவற்றையும் போனில் பார்த்திருந்தார். திரும்பும் வழியில் பயணிகள் சந்தோஷம் தாங்காமல் போனை நீட்டி, “பாருங்க டிரைவர், இதைப் பாருங்க” என்பார்கள். அப்படி ஒரு நாள், திரை முழுக்க ஒரு நத்தை. ஓடு கிடையாது. ஊதாநீல உடம்பு, ஓரம் முழுக்க மஞ்சள் கரை, தலையில் இரண்டு செம்மஞ்சள் கொம்பு. புடவைக் கடைக்காரன் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டிவைக்கிற முதல் புடவைபோல இருந்தது. சிக்னல் பச்சையாகி, பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் கத்தியபிறகுதான் அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார். அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். நாள் முழுக்கக் குனிந்து, எறும்புத் தலை அளவுத் திருகாணிகளைக் கண்ணாடிக் காம்பில் முடுக்குகிற வேலை. வீட்டுக்கு வந்தால் ஏதாவது பெரிய விஷயம் கேட்க வேண்டும்போல இருக்கும் அவளுக்கு.

“எவ்ளோ பெருசு இருந்துச்சு?” என்று கேட்டாள்.

போன் திரையில் பார்த்ததற்கு அளவு ஏது? ‘நான் பார்க்கலை, படத்துலதான் பார்த்தேன்’ என்று அந்த நொடியில் சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஆனால் அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

“முழங்கை நீளம் இருக்கும்” என்றார்.

அவளுடைய அம்மா, அதாவது அவர் மாமியார், அன்று அங்கேதான் இருந்தாள். “அய்யே, முழங்கை நீளத்துக்கு நத்தையா? கால்ல சுத்திக்கிட்டா என்ன மாப்பிள்ளை பண்றது?”

“அது சாதுங்க அத்தை. நான் பக்கத்துலயே உக்காந்து பாத்தேன்.”

அவ்வளவுதான். ஒரு பொய்க்கு உட்கார இடம் கொடுத்தால் அது படுத்துக்கொள்ளும். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் மாமியாரே ஆரம்பித்துவைப்பாள். “எங்க மாப்பிள்ளை கடலுக்கு அடியில இருக்கிறதையெல்லாம் பாத்தவரு. அந்த நத்தைக் கதையைச் சொல்லுங்க மாப்பிள்ளை.” அவரும் சொல்வார். சொல்லும்போதெல்லாம் உள்ளே ஒரு முள் குத்தும். ஒரே ஒரு தடவை இறங்கிப் பார்த்துவிட்டால் போதும், சொன்னதெல்லாம் முன்தேதியிட்டு உண்மையாகிவிடும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்வார்.

இப்படி வருஷங்கள் ஓடின. அப்புறம் ஒரு நாள் பாறைக் கரை வாசலில் ஒரு பலகை முளைத்தது. ஜனங்களின் கால் பட்டுப் பட்டுப் பாறைகள் மொட்டையாகிவிட்டனவாம். உயிர்கள் தேறிவர ஐந்து வருஷம் யாரும் கீழே இறங்கக் கூடாதாம். வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி.

டிரைவர் அந்தப் பலகையை வண்டிக்குள் இருந்தபடியே மூன்று தடவை படித்தார். வயிறு எரிந்தது. மிதித்தவன் எவனோ, தண்டனை தனக்கா? அந்த மிதித்தவர்களை இத்தனை காலம் ஏற்றிவந்து இறக்கிவிட்டதே தான்தான் என்று நினைத்தபோது எரிச்சல் இரண்டு மடங்கானது. ஐந்து வருஷம் கழித்து அவருக்கு வேலையும் இருக்காது. அந்தப் படிக்கட்டில் இறங்க முழங்காலும் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு சொன்னார். மேனேஜரிடம் கெஞ்சி வண்டியையும் வாங்கிக்கொண்டார். மனதுக்குள் ஒரு திட்டம் இருந்தது. மனைவி, மாமியார், மைத்துனன் மூவரையும் கூட்டிக்கொண்டு போவது. மைத்துனனுக்கு வண்டி ஓட்டத் தெரியும், அவனை மேலே காவல் வைத்துவிடுவது. பிறகு பழகின ஆள்போல முன்னால் நடந்து இறங்கி, எல்லாரோடும் சேர்ந்து முதல் தடவையாகப் பார்த்துவிடுவது. யாருக்கும் தெரியப்போவதில்லை.

மைத்துனனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவனுக்கு டிரைவர் வைத்த பெயர் நிதானம். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். இன்று தருகிறேன் என்று சொன்ன போனை அவன் அன்றே கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. வீடு தீப்பிடித்தால்கூடச் சட்டை மாற்றிக்கொண்டுதான் வெளியே வருவான்.

ஞாயிறன்று கடல் ஏழரைக்கு நன்றாக உள்வாங்கும். எட்டரைக்குத் தண்ணீர் திரும்பும், வாசலைச் சாத்திவிடுவார்கள். வழி ஒன்றரை மணி நேரம். ஆறு மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். வழக்கப்படி ஐந்து என்று சொல்ல வாயெடுத்தார். மாமியாரின் முழங்கால் வலி ஞாபகம் வந்தது. ஐந்து மணிக்கு நிற்க வேண்டுமென்றால் அந்த அம்மாள் நாலுக்கே எழுந்திருக்க வேண்டும். போகட்டும், இது ரயில் இல்லை, கடல். கடல் விஷயத்தில் விளையாட வேண்டாம். வீட்டாரிடம் வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையான நேரத்தைச் சொன்னார்.

“காலைல ஆறு மணி. நிஜமாத்தான் சொல்றேன்.”

“ஆறுதானே மச்சான், வந்துர்றோம்” என்றான் நிதானம், போனில்.

ஞாயிறு காலை, இருட்டோடு எழுந்து வண்டியைக் கழுவித் துடைத்து, ஆறுக்குக் கால் மணி இருக்கும்போதே சீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஆறு ஆனது. தெருவில் ஒரு பால் வண்டியைத் தவிர யாரும் இல்லை. ஹாரன் அடித்தார். மாடி ஜன்னலில் மனைவியின் தலை தெரிந்தது. தலையில் ஈரத் துண்டு.

“என்னங்க, இப்பவே ஏன் ஹாரன் அடிக்கிறீங்க? அக்கம்பக்கத்துல தூங்குறாங்க.”

“மணி ஆறுடி!”

“ஆமா, ஆறுதான்” என்று சொல்லிவிட்டு அவள் சாவகாசமாக உள்ளே போனாள்.

டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. நிதானத்துக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். மாமியார் எடுத்தாள். “அவன் குளிக்கிறான் மாப்பிள்ளை. நீங்க பதறாதீங்க, டயத்துக்கு வந்துடுவோம்.” எந்த டயத்துக்கு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள். அவர் வண்டியை விட்டு இறங்கினார், ஏறினார், டயரை உதைத்துப் பார்த்தார். காற்றெல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரியில்லாதது அவர் குடும்பம் மட்டும்தான்.

ஏழு அடிக்கவும் நிதானம் அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு தெருமுனையில் தோன்றினான். முகத்தில் ஒரு சாதனைச் சிரிப்பு. “பாத்தீங்களா மச்சான், ஒரு நிமிஷம் முன்னப்பின்ன இல்லாம கரெக்டா வந்துட்டோம்!”

டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தார். வாயைத் திறந்தால் காலையில் கெட்ட வார்த்தை வரும் என்று அவருக்கே பயம். வண்டி ஊர் எல்லையைத் தாண்டவில்லை, பின்னாலிருந்து குரல் வந்தது. “மச்சான், அந்தக் கடையில டீ நல்லா இருக்கும். ஓரங்கட்டுங்களேன். நேரம்தான் இருக்கே.”

“யாருடா சொன்னது நேரம் இருக்குன்னு?”

மாமியார் சிரித்துவிட்டாள். “அட, உங்க நேரம் எங்களுக்குத் தெரியாதா மாப்பிள்ளை? நீங்க ஆறுன்னா அது ஏழு. அஞ்சுன்னா ஆறு. எங்க சொந்தத்துல சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.”

அவர் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “கோவிச்சுக்காதீங்க. கல்யாணமான ரெண்டாவது வருஷமே கண்டுபுடிச்சுட்டேன். சொன்னா உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான்...”

“இந்தத் தடவை நிஜ ஆறு!” என்று கத்தினார். “நிஜமாத்தான்னு சொன்னேனே!”

“எப்பவும் அப்படித்தானே சொல்வீங்க?”

டிரைவருக்குக் காதெல்லாம் சூடானது. புலி வருது, புலி வருது என்று ஊரை ஓடவிட்டவன் கதை தெரியாதவரா அவர்? ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழனிப்பானையில் விழுமாம் துள்ளி. பிடித்த ரயிலெல்லாம் தன் சாமர்த்தியத்தில் பிடித்ததில்லை, இவர்களுடைய கணக்கில்தான் பிடித்திருக்கிறோம் என்பது வேறு இப்போது தெரிந்தது. ஆத்திரத்தில் ஒரு வளைவை அவர் வேகமாகத் திருப்ப, மாமியாருக்குக் குமட்டியது. வண்டியை நிறுத்தினார். அந்த அம்மாள் சாலையோரம் உட்கார்ந்து, முகம் கழுவி, ஒரு வழியாக ஏறுவதற்குள் கால் மணி நேரம் போனது. யாரைத் திட்டுவது? வேகமாக ஓட்டியவர் அவர்தானே.

பாறைக் கரையில் போய் நின்றபோது வாசல் சாத்தியிருந்தது. கீழே பாதிப் பாறைகளைத் தண்ணீர் தின்றுவிட்டிருந்தது. வாசலில் ஒரு காவல்காரப் பெண், வேலைக்குப் புதிசு, கையில் பூட்டோடு நின்றாள்.

“தண்ணி திரும்பிடுச்சு சார். இனிமே விட முடியாது.”

டிரைவர் வண்டியிலிருந்து குதித்து ஓடினார். ஜன்னலில் தலை நீட்டி வழி கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவர் அந்தப் பெண்ணிடம் கையெடுத்துக் கும்பிட்டார். “அம்மா, ரொம்ப தூரத்துல இருந்து வர்றோம்மா. இதை விட்டா அஞ்சு வருஷம்.”

அந்தப் பெண் கடலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. “படிக்குக் கீழ இருக்கிற முதல் குட்டை மட்டும் இன்னும் மூடலை. ஒரே ஒருத்தர் வாங்க. நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். பத்து நிமிஷம்தான். ஆனா வண்டியில ஆள் இருக்கணும், பின்னால பஸ் வருது.”

‘நான் வர்றேம்மா’ என்ற வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. பின்னாலேயே இறங்கி வந்திருந்த நிதானத்திடம் சாவியை நீட்டக்கூடச் செய்தார்.

“நீ போயிட்டு வாடி” என்று வண்டிக்குள்ளிருந்து மாமியார் மகளிடம் சொன்னாள். “என்னால படி இறங்க முடியாது. உன் தம்பி ஷூ நனையும்பான். மாப்பிள்ளை பாக்காததா? அவரு அதுங்களோட பக்கத்துலயே உக்காந்து பாத்தவரு.”

மனைவி அவரைப் பார்த்தாள். “நீங்க போறீங்களா?”

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டியிருக்கலாம். ஒரே ஒரு ஆட்டல். ஆனால் அத்தனை வருஷத்து நத்தைக் கதையும் தலைக்குமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு தலையை ஆட்ட விடவில்லை.

“நான் எத்தனை தடவை பாக்கிறது? நீ போ” என்றார். “பாத்து, வழுக்கும்.”

அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினாள். டிரைவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். பச்சைப் பாசிப் பாறைமேல் இரண்டு பெண்களும் குனிந்திருந்தது தெரிந்தது. காவல்காரப் பெண் விரலால் எதையோ காட்டுகிறாள். இவள் தலையை அப்படியும் இப்படியும் திருப்புகிறாள், தெரியவில்லை போலும். பிறகு, கடையில் திருகாணி தேடுகிறபோது குனிவதுபோல இன்னும் குனிந்து, அப்படியே அசையாமல் இருந்தாள். இரண்டு படி இறங்கினால் தானும் பார்த்துவிடலாம் என்று அவர் காலெடுத்து வைத்தார்.

மேலே ஹாரன் அடித்தது. பஸ். சாவி இவர் கையிலேயே இருந்தது.

வண்டியை முன்னே எடுத்து, பின்னே எடுத்து, பஸ்ஸுக்கு வழிவிட்டுத் திருப்பி நிறுத்துவதற்குள் அவள் மேலே வந்துவிட்டாள். புடவைக் கரை நனைந்திருந்தது. காவல்காரப் பெண் வாசலைப் பூட்டினாள்.

“என்னக்கா, பாத்தியா? மச்சானோட நத்தை இருந்துச்சா?” என்றான் நிதானம்.

“இருந்துச்சு.”

“நிஜமாவே முழங்கை நீளமா?”

அவள் புடவையைப் பிழிந்துகொண்டே ஒரு நொடி தாமதித்தாள். “அவர் சொன்ன மாதிரியேதான். அவ்ளோ நீளம்” என்று சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறினாள்.

மாமியார் பெருமையாகத் தலையாட்டினாள். டிரைவருக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. நத்தை இருந்திருக்கிறது! முழங்கை நீளத்துக்கே இருந்திருக்கிறது! தான் வாயில் வந்ததைச் சொன்னதுகூட உண்மையாகிவிட்டது, தான் மட்டும் அதைப் பார்க்கவில்லை. ஏற்றம் முழுக்கக் கியரை வெடுக் வெடுக்கென்று மாற்றி ஓட்டினார். பின் சீட்டில் மாமியாரும் நிதானமும் குறட்டை விட்டார்கள்.

மேடு ஏறிச் சாலை நேரானதும், மனைவி அவர் பக்கம் சாய்ந்தாள். அவர் போட்டிருந்த கண்ணாடியில், மூக்கின்மேல் உட்காருகிற சின்னப் பட்டையை விரல் நுனியால் தொட்டாள். அவளே மாட்டிக் கொடுத்த கண்ணாடி அது.

“இந்தப் பட்டை இருக்கே,” என்றாள் மெல்ல. “அது இவ்ளோதான் இருந்துச்சு.”

டிரைவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார்.

“ஒரு தடவைகூட நீங்க கீழ இறங்கினதில்ல. அப்படித்தானே?”

“வண்டிய விட்டுட்டு எங்க இறங்குறது?” கோபமாகத்தான் சொல்ல நினைத்தார். குரல்தான் பாதியில் உடைந்துவிட்டது.

“வாசல்ல நிக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நின்னிருப்பேனே.”

நாலைந்து கிலோமீட்டர் போனது. வழியில் வந்த ஒவ்வொரு பலகையையும் தேவையில்லாமல் படித்துக்கொண்டே வந்தார்.

“நிறம்?” என்று கேட்டார் கடைசியில்.

“நிறமெல்லாம் நீங்க சொன்னதுதான். ஊதா, ஓரத்துல மஞ்சக் கரை. ரெண்டு கொம்பு.”

“அசைஞ்சுதா?” அளவு போக, படத்தில் தெரியாதது அது ஒன்றுதான்.

“அசைஞ்சுச்சு. நம்ம வீட்டு ஆளுங்க கிளம்புற மாதிரி.”

அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், கண்ணில்தான் தண்ணீர் வந்தது. துடைக்கக் கையெடுத்தால் அவள் பார்த்துவிடுவாள் என்று, முன்னால் ஈ காக்கை இல்லாத சாலையில் ஓங்கி ஒரு ஹாரன் அடித்தார். பின் சீட்டில் நிதானம் திடுக்கிட்டு எழுந்தான்.

“என்ன மச்சான், நேரமாயிடுச்சா?”